கைத்தறியின் கால்

கைத்தறி என்றால் என்ன என்று சட்டத்தைக் கேட்டால் கொஞ்சம் வேடிக்கையான பதில் வருகிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. சரி, விசைத்தறி என்றால்? மனிதரோ விலங்கோ தராத சக்தியில், பெரும்பாலும் மின்சாரத்தில், ஓடும் தறி. இரண்டு வரையறையிலும் கை என்ற பேச்சே கிடையாது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் என்று 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும் சட்டம் இது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அத்தனை குடும்பங்களின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லுக்கு, 'இன்னொன்றாக இல்லாதது' என்பதுதான் பொருள்.

இப்போது ஒரு தறியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாடாவை விடுவது கை. பலகையை இழுத்து ஊடையை அடித்து இறுக்குவது கை. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடி போடுவது கை. ஆனால் தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைத் தூக்கி இறக்குவது ஒரு சின்ன மோட்டார். நெய்பவர் காலால் லேசாகத் தொட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். இது கைத்தறியா? கற்பனை என்று சொன்னேனே தவிர, இப்படிப்பட்ட தறிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கைத்தறி மேம்பாட்டுக்கான ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று, தறி உபகரணங்களின் விலையில் 90 சதவீதத்தை ஏற்கிறது. மோட்டாரில் தூக்கும் ஜக்கார்டும் மானியத்தோடு நெசவாளர் வீடுகளுக்கு வந்திருக்கிறது. சட்டம் மின்சாரத்தை வாசலிலேயே நிறுத்துகிறது. திட்டம் அதைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்து உட்காரவைக்கிறது.

அதிகாரிகளுக்கு இது ஒரு வகைப்படுத்தல் சிக்கல். எனக்கு இது வேறு மாதிரி உறுத்துகிறது. ஒரு வேலையிலிருந்து வலியை எடுத்துவிட்டால், அந்த வேலையின் மதிப்பிலிருந்து எதையாவது எடுத்துவிடுகிறோமா?

அரியலூர் என்றால் பலருக்கும் சிமென்ட் லாரி ஞாபகம் வரும். வரலாறு படித்தவர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் ஞாபகம் வரும். பட்டு ஞாபகம் வராது. ஆனால் ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் பக்கம் போனால் தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச்சத்தம் கேட்கும். பாவும் ஊடையும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வரும். நெய்து கொடுத்தால் சேலைக் கணக்கில் கூலி. டிசைன் நெய்பவருடையது இல்லை, நூல் நெய்பவருடையது இல்லை, சேலையும் நெய்பவருடையது இல்லை. உடம்பு மட்டும்தான் சொந்தம்.

அந்த உடம்பு என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். தறியில் நடப்பது அடிப்படையில் ஒரே காரியம்தான். பாவு நூல்களில் சிலவற்றை மேலே தூக்க வேண்டும், மீதியைக் கீழே விட வேண்டும், நடுவில் திறக்கும் வாயில் ஊடையை விட வேண்டும். எந்த நூலைத் தூக்குவது என்பதுதான் டிசைன். வெற்றுத்துணி என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. இரண்டு மிதிகளும் இரண்டு விழுதுகளும் போதும். ஒரு மயிலோ மாங்காயோ வர வேண்டும் என்றால் நூற்றுக்கணக்கான நூல்களைத் தனித்தனியாக ஆட்டிவைக்க வேண்டும். அதற்குத்தான் ஜக்கார்டு. பெட்டிக்குள் 120, 240 என்று கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் ஹார்னஸ் கயிறுகள் இறங்கிப் பாவு நூலைப் பிடித்திருக்கும். நூல் மறுபடி கீழே இறங்குவதற்காக அடியில் எடைக்கம்பிகள் தொங்கும். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் அந்தக் கொக்கி மேலே போகும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி அப்படியே நிற்கும். துளை உண்டு, துளை இல்லை. ஒன்று, பூஜ்யம். நான் சம்பளம் வாங்கும் தொழிலுக்கு இது பாட்டனார் முறை.

அட்டை சொல்லும், ஆனால் தூக்காது. தூக்குவது கால். கொக்கிகள், கயிறுகள், எடைகள், இழுத்துக் கட்டிய பாவின் விறைப்பு எல்லாம் சேர்ந்து ஒரு மிதியில் வந்து இறங்கும். 6 மீட்டர் சேலை, அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் ஒரு சேலைக்கு 14,000 ஊடைக்கு மேல். உடலிலும் கரையிலும் வேலைப்பாடு இருந்தால் அநேகமாக ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு மிதி. ஜெயங்கொண்டம் பக்கம் நெய்யும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "கைத்தறின்னு பேரு வச்சவன் தறியில உக்காந்திருக்க மாட்டான் தம்பி. உக்காந்திருந்தான்னா கால்தறின்னுதான் வச்சிருப்பான்."

எனக்கு அந்த வாக்கியம் ஒரு முழுப் புத்தகத்துக்குச் சமம். ஒரு தொழிலுக்குப் பெயர் வைப்பவர்கள் அதில் எந்த உறுப்பைப் பார்க்கிறார்களோ அந்த உறுப்புக்குத்தான் மரியாதை கிடைக்கிறது. கை தெரிகிறது, புகைப்படத்தில் அழகாக விழுகிறது. கால் குழிக்குள் இருக்கிறது.

கைத்தறி வாங்குகிறவர்கள் பலர், என் நண்பர்களையும் சேர்த்து, ஏன் வாங்குகிறோம் என்று கேட்டால் "இதுல ஒருத்தரோட உழைப்பு இருக்கு" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். பக்கத்து மாவட்டம் பெரம்பலூர். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும். அந்தப் பருத்தியைக் காயிலிருந்து ஒவ்வொன்றாகப் பறிப்பது கை, பெரும்பாலும் பெண்களின் கை. குனிந்து குனிந்து, மடியில் சேர்த்து, நாள் முழுக்க. அந்தப் பருத்தி எந்த மில்லுக்குப் போய் என்ன டீ-சர்ட்டாக வந்தாலும் அதில் யாரும் 'கையால் பறித்த பருத்தி' என்று முத்திரை ஒட்டுவதில்லை. உழைப்புக்குத்தான் மதிப்பு என்றால் இரண்டு கைக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். இல்லை. அப்படியானால் நாம் மதிப்பது உழைப்பை இல்லை, உழைப்பின் ஒரு குறிப்பிட்ட காட்சியை. அந்தக் காட்சியை அப்படியே வைத்திருப்பதற்காக இன்னொருவரின் முழங்கால் தேய வேண்டும் என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு எங்கிருந்து வந்தது?

சரி, வலி வேண்டாம், திறமைதான் கை என்று சொல்லிப் பார்க்கலாம். அங்கேயும் சிக்கல். ஜக்கார்டு வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் 'அடை' என்று ஒரு முறை. டிசைன் அட்டையில் இருக்காது, தறியிலேயே கட்டிய நூல்களில் இருக்கும். நெய்பவருக்குத் துணையாக ஒருவர் அந்த நூல்களை வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுப்பார். பல நேரம் அது ஒரு பையன். பிரான்சின் லியோன் நகரத்திலும் இதேதான். பட்டுத்தறியின் பக்கத்தில் நின்று கயிறுகளைக் கற்றை கற்றையாக இழுத்துக் கொடுக்கச் சிறுவர்களும் இளம்பெண்களும் இருந்தார்கள். 1725இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதத்தை வைத்துப் பார்த்தார், சில ஆண்டுகளில் ஃபால்கோன் அதை அட்டைகளாக்கினார், 1804இல் ஜக்கார்டு இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் இயந்திரமாக்கினார். கயிறு இழுப்பவரின் வேலை போயிற்று. அதில் திறமை இருந்ததா? நிச்சயமாக. ஒரு பூவின் முழு வரைபடத்தையும் விரல்களில் வைத்திருந்த திறமை. அது அழிந்ததற்காக வருத்தப்படலாமா? அந்த வேலையைச் செய்தது யார் என்று தெரிந்த பிறகு, என்னால் முழு மனதாக வருத்தப்பட முடியவில்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் துணையாள் விட வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட அந்தத் துணையாள் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட குழந்தையாக இருந்தது உண்டு. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. நம் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும் சரி, 2016இல் திருத்தப்பட்டபோதும் சரி, குடும்பத் தொழிலில் குழந்தைகள் உதவுவதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 'கைத்தறி' என்று நாம் ஒருமையில் சொல்லும் அந்தக் கை எப்போதுமே ஒரு கையாக இருந்ததில்லை. நெய்பவரின் கை, இழுத்துக் கொடுக்கும் பையனின் கை, தார் சுற்றும் மனைவியின் கை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35.22 லட்சம் தொழிலாளர்கள், அதில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். தறியில் வரும் ஒவ்வொரு முன்னேற்றமும் முதலில் தொடுவது, கணக்கில் வராத கையைத்தான். அதனால் திறமை போகிறதே என்று கவலைப்படுவதற்கு முன்னால் யாருடைய திறமை, என்ன கட்டாயத்தில் கற்றது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காந்தியிடம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர். 1924இல் அவர் இளைஞர். எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்கிறார். காந்தி இல்லை என்கிறார். உடம்பே ஓர் இயந்திரம்தானே என்கிறார். விதிவிலக்காக சிங்கர் தையல் இயந்திரத்தைக் காட்டுகிறார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியின் வாதம். பேராசையில் பிறந்த இயந்திரம் வேறு, அன்பில் பிறந்த இயந்திரம் வேறு.

எனக்குப் பிடித்த வாதம்தான், ஆனால் இது நிற்காது. ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாற்றில் அந்த அன்பான கணவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஒரே காலத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் குழந்தைகள், காப்புரிமைச் சண்டைகள். அதற்காக அவர் இயந்திரம் பெண்களுக்கு உதவாமல் போய்விட்டதா? இல்லை. எதிர்ப்பக்கம் சிந்தகிந்தி மல்லேசம் இருக்கிறார். தெலங்கானாவின் போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலைக் கட்டிச் சாயம் போடுவதற்கு முன்னால், ஆசு என்று ஒரு வேலை. முளைகளைச் சுற்றிச் சுற்றிக் கையால் நூல் சுற்ற வேண்டும், ஒரு சேலைக்குக் கை சுமார் 9,000 முறை போய்வர வேண்டும். அம்மா லட்சுமிக்குத் தோள்பட்டை போய்விட்டது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட மகன், பல வருஷம் போராடி 1999இல் அதற்கு ஓர் இயந்திரம் செய்தார், அம்மா பெயரையே வைத்தார். 2017இல் பத்மஸ்ரீ. இங்கே அன்பு நிஜம். ஆனால் நாளைக்கு அதே இயந்திரத்தை லாப நோக்கில் ஒருவர் செய்திருந்தாலும் தோள்பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. கண்டுபிடித்தவரின் மனசு, கருவியின் அறத்தை அளக்கும் கோல் ஆகாது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஒரு யோசனை வந்தது. நெசவின் ஏதாவது ஒரு கட்டத்தில் மனித உழைப்பு இருந்தால் போதும், அதைக் கைத்தறியில் சேர்க்கலாம் என்று. கைத்தறி அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, அது சட்டமாகவில்லை. எதிர்த்தவர்களின் பயம் நியாயமானது. ஒரு கட்டம் போதும் என்றால், பொத்தானை அழுத்தும் விரலும் மனித உழைப்புதானே? விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும் கடைகள் நிறைந்த ஊரில், இன்றைக்கு ஜக்கார்டுக்கு மோட்டார், நாளைக்கு பலகைக்கு மோட்டார், நாளை மறுநாள் ஒதுக்கீடே எதற்கு என்று கேட்பார்கள். கோடு எங்கேயாவது போட்டே ஆக வேண்டும்.

என் கோடு இது: அடுத்த ஊடையை எப்போது விடுவது என்று முடிவு செய்வது யார்? மோட்டார் ஜக்கார்டைத் தூக்கும்போது, நெய்பவர் தொட்டால்தான் அது எழும்புகிறது. நிறுத்தினால் நிற்கிறது. ஒரு இழை அறுந்ததா, ஜரிகை முறுக்கிக்கொண்டதா, குழந்தை அழுகிறதா, எல்லாவற்றுக்கும் தறி காத்திருக்கும். விசைத்தறியில் தறி யாருக்காகவும் காத்திருக்காது; மனிதர்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். சுமை யார் தூக்குகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். வேகம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கை. இந்த அர்த்தத்தில் மோட்டார் ஜக்கார்டு தறி, கூச்சப்படாமல், கைத்தறிதான்.

இதோடு முடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் கூலி சேலைக் கணக்கில் இருக்கும்போது 'வேகம் உன் கையில்' என்பது பாதி உண்மை. நினைத்தபோது நிறுத்தலாம், நிறுத்தினால் காசு கிடையாது. லியோன் நெசவாளர்கள் 1831இல் கலகம் செய்தார்கள். ஜக்கார்டை உடைக்கத்தான் கலகம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கலகம் கூலிக்காக. துணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச விலை ஒப்புக்கொள்ளப்பட்டது, வியாபாரிகளில் பலர் அதைத் தர மறுத்தார்கள், தெரு பற்றிக்கொண்டது. அதற்குள் அவர்கள் ஜக்கார்டோடு வாழப் பழகியிருந்தார்கள். உயரமான அந்தத் தறிகளுக்காகவே குவா-ரூஸ் குன்றில் கூரை உயர்த்திக் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. இயந்திரம் மிச்சப்படுத்தியது எங்கே போயிற்று என்பதுதான் அவர்கள் சண்டை.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயரே உண்டு. 1995இல் நிக்லாஸ் விர்த் எழுதிய கட்டுரையை ஒட்டி 'விர்த் விதி' என்பார்கள். கணினி எவ்வளவு வேகமாகிறதோ, அதைவிட வேகமாக மென்பொருள் கனமாகிக்கொண்டே போகும். மிச்சமான சக்தியைப் பயனாளருக்குத் திருப்பித் தராமல் நாமே தின்றுவிடுகிறோம். தறியிலும் இதுதான் நடக்கக்கூடும். காலுக்குச் சுமை இல்லை என்று தெரிந்ததும், 120 கொக்கி இருந்த இடத்தில் 240 கொக்கி டிசைன் வரும். 'இப்போ சுலபம்தானே' என்று கூலி அங்கேயே நிற்கும். சேலை கனமாகும், விலை ஏறும், நெய்பவரின் நாள் அதே நீளம். மோட்டார் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தினால், அந்த அரை மணி நேரம் யாருடையது? இந்தக் கேள்விக்கு மோட்டாரிடம் பதில் இருக்காது. கூலிப் பேச்சில்தான் இருக்கும்.

மின்னணு ஜக்கார்டு வந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அட்டை என்பது கண்ணுக்குத் தெரியும் டிசைன். கிழிந்தால் ஒட்டலாம், வரிசை மாறினால் அவிழ்த்துக் கோக்கலாம், தப்பான துளையை அடைக்கலாம். அனுபவமுள்ள நெசவாளர் இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிடுவார். டிசைன் ஒரு நினைவுச் சில்லுக்குள் போய்விட்டால், பழுது என்றால் ஆள் வர வேண்டும். ஆள் வரும்வரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். முதுகுக்கு எவ்வளவோ நல்லது, அட்டைக் கட்டுகளைத் தூக்கி மாட்ட வேண்டாம், புது டிசைன் ஒரே நாளில் வரும். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அதோடு பழுதுபார்க்கும் பயிற்சியும் உதிரிபாகமும் திறந்து பார்க்கும் உரிமையும் வர வேண்டும். நிறுத்தும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. திருத்தும் உரிமையும் சேர்ந்தால்தான் கை முழுசாகும்.

1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்தார்கள். பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 1843இல் ஏடா லவ்லேஸ் அவருடைய இயந்திரத்தை விளக்கும்போது ஜக்கார்டு தறியைத்தான் உவமையாக எடுத்தார். தறியிலிருந்து கிளம்பிய அந்தத் துளைதான் சுற்றிச் சுற்றி எங்கள் மேசைக்கு வந்தது. இப்போது நிரலை நாம் சொல்லச் சொல்ல எழுதித்தரும் கருவிகள் வந்திருக்கின்றன, அலுவலகத்தில் தினமும் இதே விவாதம்: 'இது இன்னும் நம்ம வேலைதானா?' கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை மோட்டார் தூக்குவதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம், சிலருக்கு நிம்மதி. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் வேலையில் கருவி வந்தால் அதைப் பற்றி எழுத எங்களுக்கு இடம் இருக்கிறது. இலையூரில் தறிக்குழிக்குள் இருக்கும் காலுக்கு அந்த வசதி இல்லை.

அதனால் வாங்குகிறவர்களாகிய நமக்கு ஒரு சின்ன யோசனை. கடையில் சேலையைத் தடவிப் பார்த்து "இது கையால நெஞ்சதா?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், ஏமாறாமல் இருக்க அது உதவும். ஆனால் மோட்டார் ஜக்கார்டில் நெய்தது என்று கடைக்காரர் உண்மையைச் சொன்னால், முகத்தைச் சுளித்து விலையைக் குறைக்கச் சொல்லாமல் இருப்போம். அப்படிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் மறுபடி அந்தக் காலில்தான் போய் ஏறும்.